திருட்டுக் காற்று

எதிர்வீட்டு வேனுக்கு என்ஜின் மாற்றிய கதையைத் தெருவில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். என் சமையலறை ஜன்னல் அந்த வீட்டு வாசலைப் பார்த்துத்தான் திறக்கிறது. கட்டிய கொத்தனார் அதை வேறு பக்கம் வைத்திருக்கலாம், வைக்கவில்லை. ஆகவே நடந்தது இதுதான்.

வேன் ஓட்டுகிறவருக்குத் தெருவில் 'கண்ணாடி' என்று பெயர். பக்கக் கண்ணாடியில் குனிந்து தலைசீவாமல் அவர் வண்டியில் ஏறியதை யாரும் பார்த்ததில்லை. பழைய என்ஜின் நடுரோட்டில் உயிரை விட்டதும், அதே கம்பெனியின் புது மாடல் வேன் ஒன்றிலிருந்து கழற்றிய என்ஜின் வந்து இறங்கியது. வைத்துத் தர வந்தவர் மெக்கானிக். கண்ணாடியின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். இதுவரை எல்லாம் சரி. சிக்கல் என்னவென்றால், மச்சானும் மாப்பிள்ளையும் பேசி மூன்று வருஷம் ஆகிறது.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு விசேஷ வீட்டில் மெக்கானிக், "ஸ்டியரிங்கைத் திருப்புறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டாராம். கண்ணாடி, "நட்டு முறுக்குறதுக்கு நீ எந்தக் காலேஜ்ல படிச்சே?" என்றாராம். அவ்வளவுதான்.

அதனால் முழங்கை உரசும் தூரத்தில் நின்றுகொண்டு இரண்டு பேரும் கண்ணாடியின் மனைவி வழியாகத்தான் பேசினார்கள். அவள் பாவம், அடுப்புக்கும் என்ஜினுக்கும் நடுவே நின்றாள்.

"உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லு, என்ஜின் தொங்குற சங்கிலியைத் தூக்கிப் பிடிச்சா போதும், மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்க வேண்டாம்னு."

அவள் திரும்புவாள். "சங்கிலியைத் தூக்கிப் பிடிக்கணுமாம்."

"உங்கண்ணன்கிட்ட சொல்லு, என் மூஞ்சி பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான்."

"சரிங்கிறார் அண்ணா."

அரிசியில் கல் பொறுக்குவதுபோலத் திட்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். சண்டை வரக் கூடாதென்று ஒரு சட்டமும் போட்டிருந்தாள். என்ஜினை உட்கார வைப்பது அண்ணன் வேலை. குழாய், ஒயர், அவற்றை இறுக்கும் கிளாம்ப் மாட்டுவது கணவர் வேலை. ஒருவர் கை வைத்த இடத்தில் இன்னொருவர் மூக்கை நீட்டக் கூடாது. நோட்டம் பார்க்கவும் கூடாது. அவளுடைய அவசரமும் நியாயமானதுதான். மழலையர் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேலை கைக்கு வருவதுபோல் இருந்தது. பெரிய டீச்சர் சனிக்கிழமை மதியம் தானே வந்து வண்டியில் ஏறிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். வண்டி சரியில்லை என்று அவர் இறங்கிப் போனால் கண்ணாடி தூர ஊர்களுக்கு லாரி ஓட்டப் போக வேண்டியதுதான். அங்கே போனவர்கள் வீட்டுக்கு விருந்தாளி மாதிரிதான் வந்து போகிறார்கள். அவள் அதற்குப் பயந்தாள்.

சனிக்கிழமை காலையில் சாவியைத் திருப்பினார்கள். என்ஜின் எழுந்தது. எழுந்ததோடு சரி. சும்மா நிற்கையில் தானாக உறுமி ஏறும், தொய்ந்து இறங்கும், மறுபடி ஏறும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் உடம்பெல்லாம் நடுங்கிவிட்டு அணைந்துபோகும். என் ஜன்னல் சட்டத்தில் வைத்திருந்த டம்ளர்கள்கூட அதோடு சேர்ந்து ஆடின.

மெக்கானிக் மூடியைத் திறந்து காற்று வடிகட்டியை எடுத்துத் தட்டிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. காற்றை அளக்கிற சென்சாரைக் கழற்றி, மருந்தடித்துத் துடைத்து மாட்டினார். ஆட்டம் நிற்கவில்லை. பிளக்குகளைப் பிடுங்கிப் பார்த்தார், அதிலும் குற்றமில்லை. அப்புறம் என்ஜினை ஓடவிட்டு, காற்று போகும் குழாயின் முன்பக்க இணைப்புகளில் ஸ்பிரேயைப் பீய்ச்சிக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஓட்டை இருந்தால் அந்த மருந்தை உறிஞ்சி என்ஜின் குரலை மாற்றிக் காட்டிக்கொடுக்குமாம். குரல் மாறவில்லை.

"எங்கேயோ திருட்டுக் காத்து உள்ள போகுது," என்றார், தங்கையைப் பார்த்து.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரிச் சொல்கிறேன். வாசல் வழியாக எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிச் சமைக்கிற விருந்து வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் கொல்லைப்புறமாக நுழைந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? சோறு பற்றாது, ரகளை. என்ஜினும் அப்படித்தான். அளந்த காற்றுக்குத் தகுந்த பெட்ரோலைத்தான் கொடுக்கும். அளக்காத காற்று புகுந்தால் திணறும்.

"எந்தப் பக்கமா போகுதாம்?" என்று கண்ணாடி மனைவியிடம் கேட்டார்.

"அது தெரிஞ்சா நான் ஏன் இப்படி நெஞ்சு வேக நிக்கிறேன்னு சொல்லு," என்றார் அண்ணன்.

"தேடிக்கிட்டு இருக்கான்ங்க," என்றாள் அவள்.

அதற்குள் டீச்சர் வந்துவிட்டார். மடித்த குடை, தோளில் பை, எதையும் ஒருமுறைக்கு இருமுறை பார்க்கிற கண். கண்ணாடி ஓடிப்போய்க் கதவைத் திறந்து உட்கார வைத்தார். தானும் ஏறி, அணைந்துவிடாதபடி ஆக்சிலேட்டரை விடாமல் மிதித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"இது என்ன சத்தம்?" என்றார் டீச்சர்.

"புது என்ஜின் டீச்சர். கொஞ்சம் துடிப்பா இருக்கு."

துடிப்பா! எனக்கே வாயில் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

அந்த வீட்டு வாசலைத் தாண்டினால் தெரு சரிவு. சரிவின் அடியில் பெரிய ரோடு. லாரிகள் நிற்காமல் போகும். வேன் மெல்ல உருள ஆரம்பித்தது. மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு தங்கையிடம் அலுத்துக்கொண்டார்.

"எல்லாம் பார்த்தாச்சு. பின்னாடி பிரேக் குழாய் ஒண்ணுதான் பாக்கி. அதுலதான் உன் வீட்டுக்காரன் கிளாம்ப் போட்டுட்டானே, நான் பார்க்கக் கூடாதே."

"எந்தக் குழாய்ண்ணா?"

"அன்னிக்கு என்ஜின் சங்கிலியில தொங்கும்போது சொல்லி அனுப்பினேனே."

அவள் முகம் வெளிறிப்போனதை நான் இங்கிருந்தே பார்த்தேன். அந்தக் குழாய் என்ஜின் உறிஞ்சும் காற்றிலிருந்து பிரேக்குக்குப் பலம் எடுத்துக் கொடுப்பது. அது தளர்ந்தால் திருட்டுக் காற்றும் புகும், பிரேக்கும் பலமிழக்கும். அன்று அண்ணன் சொன்னதை அவள் கொண்டுபோய்ச் சேர்க்கவே இல்லை. நல்லதும் கெட்டதுமாகச் சேர்ந்த பேச்சாக இருந்தால் பிரித்திருப்பாள். அது அடியிலிருந்து நுனிவரை திட்டு. அப்படியே விழுங்கிவிட்டிருந்தாள்.

கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். உருண்டுகொண்டிருந்த வேனுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

கண்ணாடி பிரேக்கை மிதித்தார். முதல் மிதி பிடித்தது. சரிவு ஆரம்பித்ததால் மறுபடி மிதித்தார். பெடல் கல்லைப்போல இறுகி நின்றது. அதே நேரம் உள்ளே 'புஸ்' என்று ஒரு சத்தம், என்ஜின் அணைந்தது. வேன் நகர்ந்துகொண்டே இருந்தது. அவள் ஒதுங்கவில்லை. அவர் எழுந்து நின்ற மாதிரி இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு கைப்பிரேக்கை இழுத்தார். பம்பர் அவள் சேலை மடிப்பைத் தொட்டு நின்றது.

"உனக்குப் பைத்தியமா!" என்று அவர் கத்தினார்.

"அண்ணன் அன்னிக்குச் சொன்னதை இப்போ சொல்றேன், கேட்டுக்கங்க. 'மூஞ்சியைப் பார்க்க மட்டும் கண்ணு தெரியிற அந்தக் குருட்டு மாப்பிள்ளைகிட்ட சொல்லு, என்ஜினுக்குப் பின்னாடி பிரேக்குக்குப் போற குழாயைச் சும்மாதான் சொருகியிருக்கேன். கிளாம்ப் போடாம விட்டான்னா அது கழண்டு, சீவின தலை கலையாம போய்ச் சேர்ந்துடுவான் தடியன்'னு சொன்னான். நான் உங்ககிட்ட சொல்லல."

"ஏன் சொல்லல?"

"எதை விட்டுட்டு எதைச் சொல்றது? முழுக்க அதுவாவே இருந்துச்சு!"

வேனுக்குள்ளிருந்து டீச்சர் கேட்டார்: "நான் இறங்கிக்கலாமா?"

அவர் இறங்கி, குடையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். அண்ணன் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, மூடியைத் தூக்கி, சுடுகிற என்ஜின் மேல் நெஞ்சை வைத்துப் பின்பக்கம் கையை விட்டார். குழாய் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய பெட்டி நிறைய கிளாம்ப். அவள் போட்ட சட்டப்படி அவற்றை மாட்டுவது மாப்பிள்ளை வேலை என்பதால் பெட்டியிலேயே தூங்கின. கண்ணாடி கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றார். நடுவில் யாரும் இல்லை. அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இடது பக்கம் காட்டு," என்றார் அண்ணன்.

எனக்கு ஜன்னல் கம்பியில் நெற்றி இடித்தது.

"இங்கயா?"

"இன்னும் கீழ. கையைச் சுட்டுக்காதே."

திருப்புளி சுற்றும் சத்தம் வந்தது. கழுத்தில் வேர்வையோடு நிமிர்ந்தவர், "ஸ்டார்ட் பண்ணு," என்றார். என்ஜின் எழுந்தது. கண்ணாடியின் கால் பழக்கத்தில் ஆக்சிலேட்டரிலேயே இருந்தது.

"காலை எடு."

"எடுத்தா அணைஞ்சிடும்."

"எடுய்யா!"

எடுத்தார். உறுமல் இறங்கியது. இன்னும் இறங்கியது. அணையப் போகிறது என்று நினைத்தேன். ஒரு இடத்தில் வந்து நின்று, அப்படியே சீராக ஓடத் தொடங்கியது. டம்ளர்கள் சும்மா இருந்தன.

ஆனால் டீச்சர் லேசில் மசியவில்லை. "முதல்ல ஆளில்லாம கீழ வரைக்கும் போய் நிறுத்திக் காட்டுங்க. அப்புறம் பார்ப்போம்."

கண்ணாடி ஏறினார். "நான் போட்ட கிளாம்ப், நானும் வரேன்," என்று அண்ணன் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அப்போது நான் குப்பைக் கூடையோடு தெருவில் இறங்கி வந்திருந்தேன்; கூடையில் ஒன்றும் இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. அவள் வாசலில் எழுந்து நின்றாள். கணவரும் அண்ணனும் ஒரே வண்டியில், அந்தச் சரிவில். என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வலித்தது, சொல்லவில்லை.

வேன் வேகமெடுத்தது. அடியில் ஒரு லாரி குறுக்கே வந்துகொண்டிருந்தது. பின்விளக்கு சிவக்கவில்லை. இன்னும் சிவக்கவில்லை. "மிதிங்க," என்று அவள் முனகினாள். சட்டென்று சிவப்பு எரிந்தது. மூக்கை இறக்கி வேன் நின்றது. கொஞ்சம் நகர்ந்து, மறுபடி சிவந்து, மறுபடி நின்றது. லாரி போய்விட்டது.

ஆனால் வேன் திரும்பவில்லை. அங்கேயே நின்றது. பின்கண்ணாடி வழியாக இரண்டு தலைகள் ஒன்றையொன்று பார்ப்பதும், கைகள் ஆடுவதும் தெரிந்தன. ரொம்ப நேரம்.

"என்னங்க பேசிக்கிறாங்க?" என்றாள் அவள்.

"வண்டி நல்லாயிருக்கா இல்லையா?" என்றார் டீச்சர்.

வேன் மேலே ஏறி வந்தது. டீச்சர் முன்சீட்டில் ஏறி ஒரு சுற்றுப் போய்வந்தார். அண்ணன் பின்னால் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது டீச்சர் சொன்னார்: "திங்கக்கிழமையிலேர்ந்து வந்துடுங்க. ஆனா குடும்பத்துல பேசுற வார்த்தையெல்லாம் பிள்ளைங்க முன்னாடி வேண்டாம்."

கண்ணாடி தலையை ஆட்டினார். அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கீழ நின்னு அவ்வளவு நேரம் என்ன பேசினீங்க?"

"ஒண்ணுமில்ல," என்றார் கணவர்.

"சும்மாதான்," என்றார் அண்ணன்.

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? இன்று வரைக்கும் தெரியவில்லை. நானும் அப்பப்போ கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.