சத்தமில்லாமல் வந்த கார்

...அப்படியானால் தப்பு ரோட்டில் நின்றவள் மேலா, பூனை மாதிரிப் பதுங்கி வந்தவன் மேலா, இதை நேருக்கு நேர் கேட்க இந்த ஊரில் ஒருத்தனுக்காவது நாக்கு இருக்கிறதா பார், எல்லாப் பயலும் காருக்கு முன்னால் கைகட்டி நிற்கிறான், இருதயமேரிக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை எரிந்தது, கையிலிருந்த முறத்தை இன்னும் கீழே வைக்கவில்லை, வைத்தால் அந்தக் கை போய் யாரையாவது அறைந்துவிடும்போல் இருந்தது. கிளியனூர் மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து வருகிற ஊர் ரோடு இது, போன மாசம்தான் புதுத் தார் போட்டார்கள், அதன் நட்டநடுவில், அவர்கள் வீட்டு உளுந்துச் செடியின் மேல் ஏறி, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது அந்தச் சிவப்புக் கார். அதன் மூக்குக்கும் மருமகள் கலைப்பிரியாவின் முட்டிக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும், அதற்குமேல் இல்லை. ஒரு முழம்! அந்தப் பெண் பயத்தில் வெளுத்துப்போய் வரப்பில் உட்கார்ந்திருக்கிறாள், தண்ணீர் வேண்டுமா, மயக்கம் வருகிறதா என்று ஒரு வார்த்தை உண்டா? இல்லை. காருக்கு அடியில் சிக்கிய செடியை எடுக்க ஆறு பேர் மண்டி போட்டிருக்கிறார்கள், ஒருத்தன் தன் தோள்துண்டை ரோட்டில் விரித்து அதன்மேல் முட்டி போட்டிருக்கிறான், பார்த்துடா, கீறல் வுழுந்துடப் போவுது, பார்த்து, மெதுவா... பெற்ற மகளுக்குச் சிக்கெடுக்கும்போதுகூட இவன்கள் இத்தனை பதமாக எடுத்திருப்பான்களா?

ரோட்டில் உளுந்து போடுவது இன்று நேற்றா நடக்கிறது? களத்துமேடு நிலம் வைத்திருக்கிறவர்களுடையது, வெயிலும் ரோடும்தான் எல்லாருக்கும் பொது, குத்தகைக்குப் பயிர் வைக்கிறவர்கள் வேறு எங்கே போவார்கள்? செடியைப் பரப்பிவிட்டால் போகிற பஸ்ஸும் டிராக்டரும் ஏறி ஏறி நெற்று வெடித்து உளுந்து உதிர்ந்துவிடும், ஒருத்தி செடியைப் புரட்டிப் போட வேண்டும், ஒருத்தி உதிர்ந்ததைத் தூற்றிக்கொண்டே வண்டி பார்க்க வேண்டும். வண்டி பார்ப்பது என்றால் கண்ணால் பார்ப்பதில்லை, மேற்கே பனைமரங்களுக்கு அப்பால் ரோடு வளைகிறது, வளைவுக்கு அந்தப்பக்கம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது, காதால்தான் பார்க்க வேண்டும், சத்தம் வந்ததும் 'வண்டேய்' என்று ஒரு குரல், குனிந்திருக்கிறவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஓரத்துக்கு ஒதுங்கிவிடுவாள். அந்தக் குரல் இருதயமேரியுடையது. எத்தனை அறுப்பு இந்த ரோட்டில் கழிந்திருக்கிறது, யார் கால்விரல் மேலாவது ஒரு சைக்கிள் ஏறியதுண்டா? டவுன் பஸ்ஸா, செங்கல் லாரியா, பால் வண்டியா என்று வளைவுக்கு அந்தப்பக்கம் வரும்போதே சொல்கிறவளாயிற்றே அவள். இன்றைக்கு மேல்காற்று, தூற்றுகிறவள் காற்றுக்கு முதுகைக் கொடுத்து நிற்காவிட்டால் தூசெல்லாம் கண்ணில், அதனால் வளைவுக்கு முதுகைக் காட்டி நின்றாள், அது ஒரு குற்றமா, எப்போதும் நிற்கிற நிற்புதானே? மாதா சத்தியமாகக் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றாள், அப்படியொரு அமைதி, முறத்தில் உளுந்து விழுகிற சத்தம்கூட இல்லை, பின்னாலிருந்து ஒரு சூடான காற்று வந்து சேலையை இழுத்தது, ரப்பர் எரிகிற நாற்றம், என்னவென்று திரும்பினால் பக்கத்தில் சிவப்பாக...

காரணத்தைச் சொன்னவன் ஆனந்தராஜ்தான். கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருக்கிறவன், பாட்டுச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே பேசிப் பழகியவன், உலகத்தில் உள்ள கார் அத்தனையும் அவனுக்கு அத்துப்படி, ஆனால் வீட்டில் இருப்பது ஒரு பேட்டரி ஸ்கூட்டர். "யக்கா, இது ஹைபிரிட்டு. பாதி பெட்ரோலு, பாதி பேட்டரி. இத்தாலில பண்றான். மொத்த உலகத்துக்கும் சேர்த்து ஐந்நூறுகூடப் பண்ணலயாம். அது நம்ம ஊருக்கு வந்திருக்குது, நீ இன்னாடான்னா முறத்தத் தூக்கிக்கினு சண்டைக்கு நிக்கிற." பேட்டரி! அந்த ஒரு சொல்லை இருதயமேரி இறுகப் பிடித்துக்கொண்டாள். பேட்டரி வண்டியின் லட்சணம் அவளுக்குத் தெரியாதா, இதே ஆனந்தராஜின் ஸ்கூட்டர் போன பொங்கலுக்குக் கடைத்தெருவில் அவள் பையை உரசிக்கொண்டு போயிற்று, ஒரு சின்ன சத்தம் உண்டா, பக்கத்தில் வந்தபிறகுதான் வந்ததே தெரிந்தது. அவனோ தொடர்ந்து அளந்துகொண்டே போனான், பன்னிரண்டு சிலிண்டராம், தொள்ளாயிரத்துச் சொச்சம் குதிரை சக்தியாம், நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகம் பிடிக்க மூன்று செகண்டுகூட வேண்டாமாம். மூன்று செகண்டில் இடுப்பு வலிக்காரி ஒருத்தி குனிந்து நிமிரவே முடியாதே, யாருக்கடா வேண்டும் அந்த வேகம், எந்தப் பிரசவத்துக்கு ஓடுகிறான்? "அத வுடு யக்கா, பிரேக்கப் பாரு பிரேக்க. உளுந்து மேல எந்த வண்டியா இருந்தாலும் வழுக்கிக்கினு போயிருக்கும். இது அப்படியே ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு பார்த்தியா? இந்தக் காரா இருக்கப்போயி உம் மருமவ பொழச்சா, கும்புட்டுக்க." கும்பிட வேண்டுமாம்! கொல்ல வந்ததையே கும்பிடச் சொல்கிறான், இவனையெல்லாம் பெற்று வளர்த்தார்களே...

இப்போதெல்லாம் எல்லாமே இப்படித்தான் ஆகிவிட்டது, வண்டி மட்டுமா, மனிதர்களும் அப்படித்தான், யாருக்கும் வாய்விட்டுப் பேசத் தெம்பில்லை. திண்டிவனத்திலிருந்து வருகிற பஸ்ஸில் கண்டக்டர் ஊர்ப்பேரை மீசைக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறான், அவளைக் கிளியனூரைத் தாண்டி எங்கோ கொண்டுபோய் இறக்கிவிட்டு, கத்திக் கத்திச் சொன்னேனே என்று அவள்மேலேயே பாய்கிறான். கோயிலில் சாமியார் பிரசங்கம் வைப்பது முன்வரிசைக்கு மட்டும்தான் போலிருக்கிறது. விழுப்புரத்தில் டயர் கடையில் வேலை செய்கிற மகன் அறிவுச்செல்வன் போன் பண்ணினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறான், சத்தமாப் பேசுடா என்றால், நான் பேசறது கடைக்கே கேக்குதும்மா என்று அலுத்துக்கொள்கிறான். புருஷன் சவுரிராயனைச் சொல்லவே வேண்டாம், கட்டிய நாளிலிருந்தே பாதி வார்த்தையை விழுங்குகிற மனுஷன், இப்போது முழு வார்த்தையும் விழுங்குகிறார். அவள் வானூர் பக்கம் ஜல்லி கிரஷரில் பாதி ஆயுசு வேலை செய்தவள், அங்கே பக்கத்தில் நிற்கிறவளிடம் வெற்றிலை கேட்பதற்கும் அடித்தொண்டையிலிருந்துதான் கத்த வேண்டும், அது பேச்சு, அதில் ஒளிவுமறைவு கிடையாது, இன்றைக்கு எல்லாரும் ஏதோ ரகசியம் பேசுகிற மாதிரியே வாயசைத்துக்கொண்டு திரிகிறார்கள், என்ன ரகசியமோ.

காரின் சொந்தக்காரன் கோகுலகிருஷ்ணனாம், சென்னைக்காரன், பாண்டிச்சேரி போகிற வழியில் மெயின் ரோட்டில் லாரி கவிழ்ந்து கிடக்க, செல்போன் காட்டிய குறுக்குவழியில் வந்தவன். அவன் அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றான். "அம்மா, மன்னிச்சிருங்க. ரோடு புதுசா இருக்கவும் கொஞ்சம் அழுத்திட்டேன், அது என் தப்புதான். ஆனா வளைவுக்கு முன்னாடியே ஹாரன் அடிச்சேம்மா. விடாம அடிச்சேன்." ஹாரன் அடித்தானாம்! "வாய் கூசாமப் பொய் சொல்றியே தம்பி, மூஞ்ச மட்டும் பால் வடியற மாதிரி வச்சிக்கினு!" கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மோட்டார் கொட்டகையிலிருந்து ஓடிவந்து வாய்க்கால் ஓரமாக நின்ற சவுரிராயன் தரையைப் பார்த்து என்னவோ முனகினார். "இன்னா? இன்னா சொன்ன? வாயத் தொறந்து சொல்லு!" "ஒண்ணுமில்ல மேரி, வுடு." வுடுவாம்! மருமகள் உயிர் போயிருக்கும், மகனுக்கு யார் பதில் சொல்வது, வண்டி பார்த்தவள் யாரென்று நாளைக்கு ஊர் முழுக்கக் கேட்காதா? கூட்டத்தில் இரண்டு பொம்பளைகள் தலையைச் சேர்த்துவைத்துக்கொண்டு அவள் பக்கமே பார்த்தார்கள், உதடு அசைந்தது, என்ன பேசுகிறார்கள் என்று தெரியாதா, கிழவியை வண்டி பார்க்க வைத்தார்களாம் என்றுதான், கிழவியாம், ஐம்பத்தைந்துகூட முடியவில்லை... அப்போதுதான் கலைப்பிரியா வரப்பிலிருந்து எழுந்து வந்தாள், வந்து கூட்டத்தின் நடுவில் நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "எங்க அத்த மேல தப்பில்ல! சத்தமே வரல! நடுரோட்டுல நின்னவ நானு, எனக்கே கேக்கல!"

இருதயமேரிக்குக் கண்ணில் நீர் முட்டியது, பெருமையாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்தப் பெண்ணின் குரல் இத்தனை தெளிவாக அவள் காதில் விழுந்ததே இல்லை, எதைச் சொன்னாலும் முணுமுணு, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று எத்தனை நாள் திட்டியிருக்கிறாள், இன்றைக்குப் பேசினாளே, பெண் என்றால் இப்படிப் பேச வேண்டும். இனி எவன் என்ன சொல்ல முடியும்? சாக இருந்தவளே சாட்சி சொல்லிவிட்டாள். அந்தத் தெம்பில்தான் இருதயமேரி முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் காருக்கு முன்னால் போய் நின்றாள். "தம்பி, ஹாரன் கதையெல்லாம் வேணாம். ஒரு தடவ ஓட்டிக் காட்டு. எப்படிப் பூனை மாதிரி வந்தியோ அதே மாதிரி. இந்த ஊரு மொத்தமும் நின்னு கேக்கட்டும், சத்தம் வருதா இல்லையான்னு!" ஆனந்தராஜுக்கு வாயெல்லாம் பல்லு, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆமா சார், பேட்டரில மட்டும் ஓட்டிக் காமிங்க சார்" என்றான். கோகுலகிருஷ்ணன் தயங்கினான். "இல்லங்க... இது பேட்டரில மட்டும் ஓடாது. வேற சில வண்டி அப்படி ஓடும், இது ஓடாது. எஞ்சின் எப்பவும் ஓடிக்கிட்டேதான் இருக்கும், பேட்டரி கூடச் சேர்ந்து தள்ளும், அவ்வளவுதான்." அவன் சங்கடத்தோடு அவளைப் பார்த்தான், அந்தப் பார்வைதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது, இரக்கம் மாதிரி ஒன்று, யாருக்கடா வேண்டும் உன் இரக்கம்? "நழுவப் பாக்காத. ஓட்டிக் காட்டுன்னா ஓட்டிக் காட்டு."

அவன் உள்ளே போய் உட்கார்ந்தான். எல்லாரும் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். இருதயமேரி நகரவில்லை, இடுப்பில் கைவைத்து நின்றாள், இப்போது தெரிந்துவிடும், வெட்டவெளிச்சமாகிவிடும்... ஓடுகிறதா, இன்னும் ஓடவில்லையா? எங்கோ இரண்டு தெரு தள்ளி யாரோ மிக்ஸி போட்ட மாதிரி மெல்லியதாக ஒன்று, அது காரா, வேறு ஏதாவதா? சொன்னேன் பார்த்தீர்களா என்று சொல்ல வாயைத் திறந்தவள் ஆனந்தராஜைப் பார்த்தாள், அவன் ஒரு காதை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு எதையோ கத்திச் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு பொடிசு அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தது. பனைமரங்களிலிருந்து காக்கைகள் மொத்தமாகக் கிளம்பி வானத்தில் சிதறின, வயலில் மேய்ந்த கொக்குகளும் எழுந்தன. அவள் உள்ளங்காலுக்குக் கீழே புதுத் தார் அதிர்ந்தது, கிரஷரில் நிற்கிறபோது அதிர்கிற மாதிரியே. வாய்க்கால் ஓரத்தில், அத்தனை தூரத்தில், சவுரிராயன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார். அவள் இன்னும் ஓரடி காருக்குப் பக்கத்தில் போனாள், குனிந்தாள், காதைச் சாய்த்துக் கொடுத்தாள், அந்த மிக்ஸி அதே இரண்டு தெரு தள்ளித்தான் ஓடிக்கொண்டிருந்தது... நிமிர்ந்தபோது கலைப்பிரியாவைப் பார்த்தாள். ஊர் மொத்தமும் காரைப் பார்க்க, அவள் ஒருத்தி மட்டும் காரைப் பார்க்கவில்லை, அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்படியானால் அவளுக்குக் கேட்டிருக்கிறது. ஹாரனும் கேட்டிருக்கிறது, எல்லாம் கேட்டிருக்கிறது. கேட்டும் ஏன் ஒதுங்கவில்லை? கேட்டும் குனிந்தே ஏன் நின்றாள், பைத்தியக்காரி... குரல் வரவில்லையே, வண்டேய் என்று குரல் வரவில்லையே, அத்தை குரல் கொடுக்கவில்லை என்றால் வண்டி மெயின் ரோட்டில் போகிறது என்றுதானே அர்த்தம், அத்தனை நம்பிக்கை. இருதயமேரிக்கு இப்போதும் கோபம்தான், கொஞ்சமும் குறையவில்லை, இத்தாலிக்காரன் மேல், ஆனந்தராஜ் மேல், காதில் வைக்கப் பஞ்சுகூடக் கொடுக்காமல் வேலை வாங்கிய கிரஷர்காரன் மேல், எல்லாம் தெரிந்தும் வுடு வுடு என்ற புருஷன் மேல், ஒவ்வொருத்தர் மேலாகப் போய்ப் பார்த்தது அந்தக் கோபம், எங்கேயும் இறங்க மாட்டேன் என்றது. எத்தனை நாளாக இவர்களுக்குத் தெரியும்? ராத்திரி சோறு போடும்போது புருஷனும் மருமகளும் பேசிக்கொள்வது இதுதானா?

கார் போய்விட்டது, கோகுலகிருஷ்ணன் கும்பிட்டுவிட்டுத்தான் போனான், கூட்டமும் அதன் பின்னாலேயே மெயின் ரோடுவரை போனது. கலைந்த செடியைக் கலைப்பிரியா மறுபடி பரப்ப ஆரம்பித்தாள், எதுவும் நடக்காத மாதிரி. இருதயமேரி கிட்டே போனாள். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, அவளுக்கே பழக்கமில்லாத சின்னக் குரலில் கேட்டாள். "அது வர்றது உனக்கு முன்னாடியே தெரிஞ்சிதா?" கலைப்பிரியா குனிந்தவள் நிமிரவில்லை, செடியைப் புரட்டிக்கொண்டே தரையைப் பார்த்து என்னவோ சொன்னாள், ஒற்றை வார்த்தை அல்ல, கொஞ்சம் நீளமாகவே சொன்னாள், தோள் அசைந்தது, தலை இரண்டு தரம் ஆடியது, ஆமாம் என்றாளா, இல்லை என்றாளா, அழுகிறாளா... இன்னொரு தரம் சொல்லச் சொல்லலாம். இருதயமேரி சொல்லச் சொல்லவில்லை, மறுபக்கம் போய்ச் செடியின் இன்னொரு நுனியைப் பிடித்துக்கொண்டாள்.