தெருவில் கூப்பிட்டால் திரும்பாதவர்

பதினான்கு மாடி உயரமுள்ள போர் இயந்திரம் ஒன்று எங்கள் ஊரில் இரண்டு காலால் மூன்று வருடம் நடமாடியது. அதை யாரும் கவனிக்கவில்லை. பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பால்காரர் தினமும் அதன் குதிகாலில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் வீடு வீடாகப் போனார். மழை வந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதன் கால்களுக்கு நடுவில் ஒதுங்கி நின்றன. கேட்டால், அங்கே ஏதோ ஒன்று எப்போதும் இருப்பதுதானே என்பார்கள். அதற்கு மேல் மூளையைக் கசக்க மாட்டார்கள். இதில் இயந்திரத்தின் மேல் தப்பே இல்லை. அதை நடத்தியவர் அப்படிப்பட்டவர்.

அவர் நாற்பது வருடம் ஒற்றர் வேலை பார்த்துப் பழுத்தவர். இலாகாவில் அவரைச் சுவர் சார் என்று கூப்பிடுவார்கள். அவரோடு அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனவர்கள்கூட மறுநாள், அங்கே யாரும் இல்லையே, சுவர்தானே இருந்தது என்று சத்தியம் செய்வார்கள். ஒருமுறை எதிரி நாட்டு அமைச்சரவைக் கூட்டத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்து, இரண்டு தீர்மானங்களுக்கு ஆதரவாகக் கையும் தூக்கிவிட்டு வந்தார். கண்டக்டர்கள் அவரிடம் டிக்கெட் கேட்டதில்லை. அவருடைய கல்யாணப் படத்தில் மணப்பெண் தனியாக நிற்பதாகத்தான் தெரியும். உற்றுப் பார்த்தால் ஒரு தோள்பட்டை தென்படும். அந்த மணப்பெண்ணிடம் அவர் தன்னைக் கடைத் தராசுகளைச் சோதிக்கும் அதிகாரி என்று சொல்லியிருந்தார். வீட்டாருக்குத் தெரிந்தால் அன்றோடு வேலை போய்விடும் என்பது இலாகாவின் சட்டம். அந்த இலாகாவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தருவது ஒன்று உண்டு: தெருவில் பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. ஒரு தடவை திரும்பினால் ஆள் தெரிந்துவிடும், அப்புறம் எல்லாம் முடிந்தது. சுவர் சார் இதை எவ்வளவு கச்சிதமாகக் கடைப்பிடித்தார் என்றால், சந்தைக்கு நடுவில் சொந்த மனைவி தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் நேராகப் போய்க்கொண்டே இருப்பார். அந்த அம்மாள் மூன்றாவது மாடி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, ஊர் ஆண்களின் பேண்ட்டுகளைக் குறைத்தும் கூட்டியும் தைத்துக் கொடுப்பவர். தையல்காரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். தெருவில் கூப்பிட்டால் திரும்பாத மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டேன் என்று அவர் சொல்லாத ஆள் அந்தக் கட்டடத்தில் இல்லை.

வேற்றுக்கிரகத்தார் வந்து இறங்கியது பள்ளிக்கூடங்கள் திறந்த வாரத்தில். ஆளுக்கு ஒரு பீரோ உயரம் இருந்தார்கள், எப்போதும் லேசாக ஈரமாக இருந்தார்கள், கழுத்து கிடையாது, வயிற்றைச் சுற்றிக் கண்கள். அவர்களுடைய கிரகம் முழுவதும் ஒரே தரை. மேடு பள்ளம் எதுவும் இல்லாததால் மேலே என்ற ஒன்றை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. வானத்திலிருந்து இறங்கியவர்களுக்கு மேலே தெரியாமல் எப்படிப் போகும் என்று சிலர் மடக்கியபோது, நாங்கள் இறங்கவில்லை, நேராகத்தான் வந்தோம் என்றார்கள். அப்படிப்பட்டவர்கள் இங்கே வந்து மாடிப்படியைப் பார்த்ததும் சொக்கிப்போனார்கள். தரை மடிந்து மடிந்து போகிற அதிசயம் அவர்களுக்குத் தங்கத்தைவிட உசத்தியாகப் பட்டது. வங்கியைத் தொடவில்லை, அரண்மனையைத் தொடவில்லை. ஊரில் இருந்த படிக்கட்டுகள் அத்தனையையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய் ரயில்வே மைதானத்தில் படுக்கப்போட்டு வைத்தார்கள். ஏணியும் தப்பவில்லை. புதிதாகக் கட்டினால் சிமெண்ட் காய்வதற்குள் வந்து நின்றார்கள். மாடியில் இருந்தவர்கள் மாடியிலேயே மாட்டிக்கொண்டார்கள். கயிற்றில் ஏறத் தெரிந்தவர்கள் ஏறினார்கள், மற்றவர்கள் கூடையைக் கயிற்றில் இறக்கிச் சாமான் வாங்கினார்கள். மேல்மாடி வாடகை பாதியாகக் குறைந்தது. தையல்காரம்மாவைக் கயிறு கட்டி இறக்கிவிடலாம் என்று தீயணைப்புக்காரர்கள் வந்தபோது, நான் என்ன சிமெண்ட் மூட்டையா என்று கேட்டு ஜன்னலைச் சாத்திவிட்டார். படிகள் போன சமயத்தில் சுவர் சார் வெளியே இருந்தார். அவருக்கு இடது முட்டியில் பழைய வலி, கயிறெல்லாம் ஆகாது. புருஷன் தெருவிலும் பெண்சாதி மாடியிலுமாக அந்தக் குடும்பம் அப்படியே நின்றுபோனது.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. பொறியாளர் ஒருவர், கண்டிப்பான பெண்மணி, நடக்கும் போர் இயந்திரம் இரண்டு செய்து கொடுத்தார். நெஞ்சுக்குள் உட்கார்ந்து நடத்துகிறவரின் நடையையும் குணத்தையும் அது இரண்டே நாளில் தனதாக்கிக்கொள்ளும் என்பது அதன் தனிச்சிறப்பு. முதல் இயந்திரத்தில் தளபதியே ஏறினார். அது மார்பை நிமிர்த்திக்கொண்டு, ஊரே அதிர நடந்தது. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவர்கள் அதன் பாதத்தைப் பார்த்தார்கள், பாதத்துக்குள் இருந்த படிகளைப் பார்த்தார்கள். உள்ளே இருந்த படிக்கட்டு முழுவதையும் மத்தியானத்துக்குள் உருவிக்கொண்டு போய்விட்டார்கள். தளபதி அந்தரத்தில் நின்றுபோனார். அன்றிலிருந்து அவர் இயந்திரத்தின் நெஞ்சிலிருந்தே ஒலிபெருக்கியில் படையை நடத்தினார், சாப்பாடும் சலவைத் துணியும் கப்பியில் ஏறின. இரண்டாவது இயந்திரம் எதிரியின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். தன் ஆறடி உடம்பையே யார் கண்ணிலும் படாமல் வைத்திருப்பவர் நம்மிடம் ஒருவர் இருக்கிறாரே என்று யாரோ சொன்னபோது, சுவர் சார் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எங்கே, எங்கே என்று தேடினார்கள்.

அவர் ஏறிய மூன்றாம் நாளே இயந்திரம் காதும் காதும் வைத்த மாதிரி நடக்கத் தொடங்கியது. தெருமுனையில் நின்று நிதானித்துத் திரும்பியது. வந்தவர்கள் எதிரே வந்தால் குனிந்து கடை ஜன்னலைப் பார்த்தது. சந்தேகம் வருகிறாற்போல் இருந்தால், சோப்பு விளம்பரப் பலகை ஒன்றைப் பிடுங்கிப் பேப்பர் படிப்பது மாதிரி முகத்துக்கு நேரே விரித்துக்கொள்ளும். கண்ணுக்கு இரண்டு ஓட்டைகளும் போட்டிருந்தது. வந்தவர்கள் எங்கே கூடுகிறார்கள், எந்தப் படியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சுவர் சார் வாரம் தவறாமல் தகவல் அனுப்பினார். தளபதிக்கு வேண்டியிருந்தது தகவல் அல்ல, போர். ஆனால் சுடுவதற்காகக் கையை உயர்த்தும்போதெல்லாம், பாதி வழியில் யாரோ பார்ப்பது போலிருக்கும். கை தானாகக் காதைச் சொறிந்துவிட்டு இறங்கிவிடும். பெரிய பீரங்கி பொருத்திய கை அது. வருடக்கணக்கில் அது காதைச் சொறிந்ததில் இயந்திரத்தின் வலது காது தேய்ந்து பளபளவென்று ஆகிவிட்டது.

தினமும் மத்தியானம் சுவர் சார் இயந்திரத்தை ஒரே இடத்தில்தான் நிறுத்துவார். கேட்டால் கண்காணிக்க வசதியான இடம் என்பார். மூன்றாவது மாடி, தையல் மெஷின் ஜன்னல். இயந்திரம் முட்டியை மடித்துக் குந்தினால் அதன் நெஞ்சு அந்த ஜன்னலுக்கு நேரே வரும். உள்ளே, இரும்புத் தகட்டில் இருந்த விரற்கடை ஓட்டை வழியாக அவர் பார்த்துக்கொண்டிருப்பார். தையல்காரம்மா மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுவார், நூலை வாயில் ஈரப்படுத்திக் கோப்பார், வானொலியோடு சண்டை போடுவார். கை நீட்டினால் தொட்டுவிடலாம். நாற்பது வருடக் குடித்தனத்தில் பெண்டாட்டியை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை என்று அவருக்கு அங்கேதான் உறைத்தது. சாயங்காலம் கீழே இறங்கி, கூடையில் காய்கறி போட்டுவிட்டு அண்ணாந்து நின்று, இன்றைக்குப் பத்துக் கடைத் தராசு பார்த்தேன் என்று கத்துவார். அம்மாள் மேலிருந்து, சரி சரி என்பார்.

அவரை அறுத்தது வேறொன்று. அம்மாள் துவைத்த துணிகளை இயந்திரத்தின் சுண்டுவிரலில் காயப்போட ஆரம்பித்திருந்தார். கையை எட்டி, கொடியில் போடுவது மாதிரி சர்வசாதாரணமாகப் போடுவார், கிளிப் மாட்டுவார், ஒருமுறைகூட அந்த விரல் எங்கிருந்து வருகிறது என்று நிமிர்ந்து பார்த்ததில்லை. ஊரே கவனிக்கவில்லை என்றால் அது தொழில் வெற்றி. இவளுமா என்று நினைத்தபோது சுவர் சாருக்கு அந்த இரும்பு நெஞ்சுக்குள் அழுகை வந்தது. துணி காயும்வரை சுண்டுவிரலை அசைக்காமல் வைத்திருந்தார்.

மூன்றாம் வருடம் தளபதியின் பொறுமை போயிற்று. சனிக்கிழமைக்குள் ஒரு குண்டாவது சுட வேண்டும், இல்லையென்றால் இயந்திரத்தைப் பிரித்துப் பாலம் கட்டக் கொடுத்துவிடுவோம், நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். ஊர் முழுக்கக் கேட்டது. யாரைச் சொல்கிறார் என்றுதான் யாருக்கும் புரியவில்லை. வீட்டுக்குப் போகலாமாம். படி இல்லாத வீட்டுக்கு எங்கே போவது? இயந்திரம் போனால் ஜன்னலும் போச்சு, மிச்சம் இருப்பது அண்ணாந்து கத்துகிற தராசுக் கதை மட்டும்தான். சனிக்கிழமை மத்தியானம் கடைசியாக ஜன்னல் முன்னால் குந்தியிருந்துவிட்டு, சுட்டுத் தொலைப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, ரயில்வே மைதானத்தைப் பார்த்து நடையைக் கட்டினார். இயந்திரம் இடது காலை லேசாக இழுத்து இழுத்து நடந்தது. நாலு கட்டடம் தாண்டியிருக்கும்.

"என்னங்க," என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. "துணி இன்னும் காயல. அதுக்குள்ள எங்க கிளம்பிட்டீங்க?"

சுவர் சார் திரும்பினார்.

அவர் திரும்பியதும் பதினான்கு மாடி இரும்பும் திரும்பியது. எண்ணெய் போட்டும் போகாத ஒரு கிறீச்சிடல் தெரு நெடுகக் கேட்டது, மூன்று கட்டடங்களின் தண்ணீர்த் தொட்டிகள் நகர்ந்தன, சுண்டுவிரலில் ஒரு உள்பாவாடையும் இரண்டு தலையணை உறையும் காற்றில் படபடத்தன. நாற்பது வருடம் கட்டிக்காத்தது அந்த ஒரு நொடியில் உடைந்தது. ஊர் மொத்தமும் அந்த இயந்திரத்தை முதல் தடவையாகக் கவனித்தது. பால்காரர் வாயைப் பிளந்தார். கடைக்காரர்கள் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். தெருவில் ஒருவர் அண்ணாந்தால் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது நம் வழக்கம். மூன்று வருடம் நம்மோடு பழகியதில் வந்தவர்களுக்கும் அது தொற்றியிருந்தது. எல்லோரும் எதைப் பார்க்கிறார்கள் என்று அவர்களும் பார்க்க ஆசைப்பட்டார்கள். கழுத்து இல்லாததால் அதற்கு ஒரே வழிதான் இருந்தது. ஊரில் இருந்த அத்தனை வந்தவர்களும் மல்லாக்கப் படுத்தார்கள். முதல் தடவையாக மேலே என்பதைப் பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்புறம் எழுந்திருக்கத் தெரியாமல் மல்லாந்த கரப்பான்பூச்சி மாதிரி அப்படியே கிடந்தார்கள். போர் அத்தோடு முடிந்தது.

இயந்திரம் வந்த வழியே திரும்பிப் போய் ஜன்னல் முன்னால் குந்தியது. நெஞ்சுக் கதவு திறந்தது. சுவர் சார் திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றார்.

"எப்ப தெரியும்?" என்றார்.

"இது வந்த அன்னைக்கே. இடது காலை இழுக்குதே. உங்க பேண்ட்டுக்கு இடது கால் மட்டும் அரை இஞ்ச் குறைச்சுத் தைக்கிறது யாரு?"

"அப்ப தராசு..."

"கல்யாணமான மறுமாசமே தெரியும். தராசு ஆபீசராம், காய் வாங்கறப்ப ஒரு நாளாவது முள்ளைப் பார்த்திருப்பீங்களா?" என்றார் தையல்காரம்மா. கிளிப்பை எடுத்துவிட்டுத் தலையணை உறையைத் தடவிப் பார்த்தார். "நீங்களே சொல்வீங்கன்னுதான் இருந்தேன். எத்தனை வருஷம் கூப்பிட்டிருக்கேன், திரும்பினீங்களா?"

நெஞ்சுக் கதவிலிருந்து ஜன்னலுக்கு ஒரே எட்டுதான். அம்மாள் கையைக் கொடுத்தார், சுவர் சார் முட்டியைப் பிடித்துக்கொண்டு தாண்டி வீட்டுக்குள் வந்தார். அன்று மாலை அவருடைய வேலை போனது. ஒற்றர் வேலைக்கு இனி லாயக்கில்லை என்பது காரணம். தளபதி அதையும் ஒலிபெருக்கியில்தான் சொன்னார்.

வந்தவர்களை ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகப் புரட்டி நிமிர்த்தி வைத்தார்கள். முதுகு வலியோடு பாதிப் பேர் திரும்பிப் போனார்கள், மீதிப் பேர் மேலே பார்க்கும் பழக்கத்தை விட முடியாமல் இங்கேயே தங்கி, மொட்டைமாடிகளில் தண்ணீர்த் தொட்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்தார்கள். மைதானத்திலிருந்து படிக்கட்டுகள் திரும்பி வந்தன. அளவு மாறிப்போய் நூலகத்துப் படிகள் மீன் கடைக்கும், நீதிமன்றத்துப் படிகள் ஒரு தனி வீட்டுக்கும் பொருத்தப்பட்டன. தையல்காரம்மாவின் கட்டடத்துப் படிகள் மட்டும் கிடைக்கவே இல்லை. அதனால் இயந்திரம் ஜன்னலை ஒட்டிக் குந்தியபடியே அங்கே தங்கிவிட்டது. நாலு மாடிக்காரர்களும் அதன் இடது பாதத்தில் நுழைந்து நெஞ்சு வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். நகராட்சி அதற்குப் பொதுப் படிக்கட்டு என்று வரியும் போட்டுவிட்டது. சுவர் சாருக்கு இப்போது கண்டக்டர்கள் டிக்கெட் கொடுக்கிறார்கள். காலையில் அவர் காய்கறி வாங்கப் போகும்போது, எதையாவது மறந்துவிட்டார் என்று தையல்காரம்மா ஜன்னலிலிருந்து என்னங்க என்று ஒரு குரல் கொடுப்பார். தெருவில் அவர் திரும்புவார், இயந்திரமும் திரும்பும். அந்த நேரத்தில் படியில் இருப்பவர்கள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். அது மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பியதும் மேலே ஏறிப் போகிறார்கள்.