அழுகையை அடக்கும் இடம்

கஃபன் துணியின் தலைமாட்டு முடிச்சை அவிழ்த்து, இறந்துபோன தன் அண்ணனின் முகத்தைத் திறந்து வைத்தாள் அத்தை. இனி வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குனிந்து 'மன்னிச்சேன்' என்று சொல்ல வேண்டும். கான்ஸ்டன்டைன் ஊரில் அதைச் சொல்லாமல் பிணம் தூக்கும் எந்தச் சந்தூக்கும் வாசலைத் தாண்டாது.

"ஸுலைகா, நீதான் மூத்தவ. வாம்மா."

ஸுலைகா நகரவில்லை. புருஷன் தலாக் சொல்லித் துரத்திய அன்று, கொட்டும் மழையில் அவள் தட்டத் தட்டக் கதவைத் திறக்காதவர் இதோ கிடக்கும் இந்த அப்பா. அப்புறம் பல வருஷம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. பக்கவாதம் வந்து கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். பேச்சுப் போன வாய் கோணக் கோணத் தேம்பித் தேம்பி அழுதார். அந்தக் கண்ணீரில் அவள் கல்மனசு கரைந்தே போயிற்று. மனுஷன் மன்னிப்புக் கேட்கிறார் என்று நம்பித்தான் மூன்று வருஷம் மலம் அள்ளினாள், ஷொர்பா சூப் ஊட்டினாள், கண் துடைக்கும் கைக்குட்டையை இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிந்தாள்.

"கடைசியா அழுதப்போ நான் அடுப்படியில நின்னேனே அத்தை! துடைக்க ஆளில்லாமப் போயிட்டாரே!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

நிலைப்படியில் நின்றிருந்த தம்பி லக்தர் மருந்துக்கடை வைத்திருப்பவன். ஆறுதல் சொல்வதாக நினைத்து வாயைத் திறந்தான்.

"அதுக்குப் போயி ஏன்க்கா உடைஞ்சு போற? அது அழுகையே இல்ல. மூளையில அழுகையையும் சிரிப்பையும் அடக்கி வைக்கிற இடம் பழுதாயிருச்சு. டிவியில சோப்பு விளம்பரம் வந்தாலும் அப்படித்தான் அழுவாரு. உள்ள என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

ஸுலைகாவின் கை மார்பிலேயே நின்றது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஆஸ்பத்திரியிலயே டாக்டர் சொன்னாரு."

"அப்பவே ஏன்டா சொல்லல?"

லக்தர் தரையைப் பார்த்தான். "நீ நல்லாப் பாத்துக்கிட்டிருந்த... எதுக்குக் கெடுப்பானேன்னு..."

அடப்பாவி! சம்பளம் கேட்காத ஆளை இழக்க மனசு வரவில்லை அவனுக்கு.

வாசலில் ஆண்கள் செருமினார்கள். "சொல்லும்மா, தொழுகைக்கு நேரமாகுது," என்று அத்தை கெஞ்சினாள்.

ஸுலைகா குனிந்தாள். அப்பாவின் கண்கள் இப்போது காய்ந்திருந்தன. அழுகை தன் வசத்தில் இல்லாத இவருக்கு ஏமாற்றக்கூட வழியில்லாமல் போயிருந்தது. ஏமாற்றினவன் நிலைப்படியில் நிற்கிறான்.

"மன்னிச்சேன்ப்பா," என்று நெற்றியில் முத்தமிட்டாள்.

சந்தூக் உயர்ந்தது. அதன் முன்கால் ஒன்று லக்தரின் தோளில்.

"என்னையும் மன்னிச்சிரு அக்கா," என்று விம்மினான். கன்னமெல்லாம் கண்ணீர்.

அவள் இடுப்பிலிருந்து கைக்குட்டையை உருவி அவன் சட்டைப்பையில் திணித்தாள்.

"துடைச்சுக்க. உனக்கும் அந்த இடம் பழுதாயிருக்கும். டாக்டரைப் பாரு."

பின்னால் தூக்கி நின்றவர்கள் நகர்ந்தார்கள். சந்தூக்கைப் பிடித்திருந்த லக்தருக்குத் துடைக்கக் கை ஒழியவில்லை. நனைந்த முகத்தோடு படி இறங்கினான்.