தலைவர் பள்ளத்தில் இருக்கிறார்

பாட்ஜர் கணவாய்க் குளிர்கால மலைவண்டிச் சங்கத்தில் மொத்தம் பதினான்கு உறுப்பினர்கள். அதில் ஒருவர் தலைவர், மூவர் துணைத் தலைவர்கள். தலைவர் ஆர்லின் டோஃப்டே ஆண்டுதோறும் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்படுவார், வேறு யாரும் நிற்பதில்லை என்ற காரணத்தால். தொழில் காப்பீட்டு முகவர். அடுத்தவனுக்கு என்னென்ன ஆபத்து வரக்கூடும் என்று யோசித்தே தலை நரைத்தவர். மீசை மட்டும் இன்னும் கறுப்பாக இருந்தது. அதன் ரகசியம் மனைவி மார்வாவுக்கும் குளியலறை அலமாரிக்கும் மட்டும் தெரியும்.

முதல் பனி விழுந்ததும் தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில் அவர் பாதுகாப்பு வகுப்பு எடுப்பார். தனியாக மலை ஏறாதே. ஏறுமுன் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கு, அப்போதுதான் பனியில் பிடிக்கும். சக்கரம் சுற்றினால் மிதிக்காதே, இறங்கித் தோண்டு. செத்த மரத்தில் கயிறு கட்டாதே. வண்டியை மீட்கும்போது ஒரே ஒரு குரல்தான் ஒலிக்க வேண்டும். சிக்கியவன் வாயைத் திறக்கக் கூடாது. வகுப்புக்கு எலுமிச்சைக் கேக்கும் காபியும் மார்வாவின் பொறுப்பு. வருஷா வருஷம் கேட்டதில் அவளுக்கு விதிகள் தூக்கத்திலும் வரும். ஒரு ராத்திரி நிஜமாகவே வந்தது. காலையில் ஆர்லின், "ஒரு விதியை விட்டுட்டே," என்றார்.

விதிகளைவிடப் பழையது ஒரு வழக்கம். பனியில் சிக்கி, இன்னொரு வண்டியால் இழுக்கப்பட்டவன் எவனோ, அவன் வண்டியின் முகப்பில் கத்தரிப்பூ நிறச் சாயம் அடித்த கழிப்பறை இருக்கை ஒன்று மாட்டப்படும். அடுத்தவன் சிக்கும் வரை அதோடுதான் மளிகைக் கடைக்கும் போக வேண்டும், மாதா கோயிலுக்கும் போக வேண்டும். மாட்டிவிடுவது தலைவரின் கை. மாட்டுமுன் கால் மணி நேரம் உரையாற்றுவது தலைவரின் வாய். அந்த இருக்கை ஆர்லினின் வண்டியில் மட்டும் ஏறியதே இல்லை. அதற்கான காரணத்தை மார்வா யாரிடமும் சொன்னதில்லை: பனி முழங்காலைத் தாண்டும் இடம் வந்தால் அவர் வண்டியை நிறுத்தி, "இங்கேருந்து பாத்தாலே காட்சி நல்லாருக்கு," என்று சொல்லிவிடுவார்.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் மரம் வெட்டப் போகும் சனிக்கிழமை. மலையடிவாரக் கேட்டில் ஆர்லினும் மார்வாவும் ரோஸ்கோவுக்காகக் காத்திருந்தார்கள். போன பிப்ரவரியிலிருந்து இருக்கையைச் சுமந்து திரிபவன் ரோஸ்கோதான். அவன் வண்டி அன்று காலையில் கிளம்ப அடம்பிடித்துத் தாமதமாக்கிவிட்டது.

"வளைவு வரைக்கும் போய்ட்டு நிப்போம்," என்றார் ஆர்லின்.

"தனியாவா?"

"நீ இருக்கியே."

"நான் என்ன வண்டியா? சரி, டயர்ல காத்தாவது எறக்கு."

"புது டயர் மார்வா. எறக்கினா திரும்பி வந்து குளிர்ல உக்காந்து ஏத்தணும். விதியெல்லாம் பொதுவா எல்லாருக்குமா எழுதினது."

எழுதியவருக்கு அல்ல என்பதை அவள் புரிந்துகொண்டாள்.

வளைவில்தான் அது நடந்தது. பனி அள்ளும் வண்டி பாதையோரத்து வாய்க்காலை மூடி, பாதையைப் போலவே மட்டமாக ஒரு பொய்த்தரை போட்டுவிட்டுப் போயிருந்தது. வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் அதில் இறங்கின. அந்தக் கணத்தில் மிதியிலிருந்து காலை எடுத்திருந்தால் இந்தக் கதை இல்லை. ஆர்லின் அழுத்தி மிதித்தார். புது டயர்கள் புது உற்சாகத்தோடு சுற்றி, அச்சு வரைக்கும் குழி தோண்டிக்கொண்டன. வண்டி சாய்ந்தது. காபி கொட்டியது. மார்வாவின் தோள் கண்ணாடியில் போய் ஒட்டியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சரிவும், சரிவின் அடியில் ஓடையும் தெரிந்தன.

ஆர்லின் கவிழ்ந்த காபிக் கோப்பையை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"கொஞ்சம் ஒதுக்கி நிறுத்தினேன்," என்றார் ஆர்லின்.

ரேடியோ கரகரத்தது. ரோஸ்கோவின் குரல். "தலைவரே, கேட்டுக்கு வந்துட்டேன். எங்க இருக்கீங்க?" அவன் ஆர்லினுக்கு மரியாதை கொடுப்பது ரேடியோவில் மட்டும்தான், அதுவும் கிண்டலுக்கு.

"வளைவுல. காட்சி பாத்துக்கிட்டிருக்கோம். அவசரமே இல்ல. டயர்ல காத்தை எறக்கிட்டு நிதானமா வா. பாதுகாப்பு முக்கியம்."

ரேடியோவை வைத்த கையோடு கதவைத் திறந்து இறங்கினார். காலத்தோடு பந்தயம் தொடங்கிவிட்டது. வண்டியின் முன்பக்க வின்ச்சிலிருந்து, அதாவது கயிறு சுற்றி இழுக்கும் பொறியிலிருந்து, கயிற்றை உருவிக்கொண்டு, இடுப்பளவு பனியில் நீச்சல் அடிப்பதுபோல் முன்னேறி, நேர் எதிரே நின்ற பைன் மரத்தில் ஒரு நைலான் பட்டையைச் சுற்றிக் கயிற்றை அதில் மாட்டினார். மார்வா மெதுவாகத் தன்னை மேல்பக்கத்துக்கு இழுத்து, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, அந்த மரத்தை அடியிலிருந்து நுனி வரை பார்த்தாள். மேலே பனி வெள்ளையடித்திருந்தது. வெள்ளைக்கு அடியில் ஓர் ஊசியிலை கூட இல்லை.

"ஆர்லின், அது செத்த மரம்."

"குளிர்காலம். இலை உதிர்ந்திருக்கு."

"பைன் மரமா இலை உதிர்க்கும்? பூச்சி தின்னிருக்கு அதை. பக்கத்துல பச்சையா நிக்குதே, அதுல கட்டு."

"அது கோணத்துல இருக்கு. கப்பி எடுக்கணும், மாட்டணும், அதுக்குள்ள அவன் வந்துருவான். வின்ச் ரிமோட்டைக் குடு."

அவருடைய மீசை நுனியில் பனி கட்டியிருந்தது. கன்னம் சிவந்து, கண் பாதையின் கீழ்ப்பக்கமே போய்ப் போய் வந்தது. அடுத்தவர் விபத்துகளைப் படம் பிடித்து வகுப்பில் காட்டுகிற அதே மனிதர். மரம் முறிந்து கயிற்றோடு வந்தால் எங்கே வரும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுவார். இப்போது அந்த அம்புக்குறியின் முனையில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"ரிமோட் எங்க மார்வா?"

"உக்காந்திருக்கேன்."

"நீ உக்காந்திருக்கது தெரியுது. ரிமோட்?"

"அது மேலதான் உக்காந்திருக்கேன்."

மார்வா பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். நாற்பது பிள்ளைகளை மலைப்பாதையில் தினமும் ஏற்றி இறக்குகிறவளை எழுப்புவது யாராலும் ஆகாது. இருந்த இடத்திலிருந்தே ரேடியோவை எடுத்தாள். பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கிற அலைவரிசை அது என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பனியில் ஓடி வந்தார்.

"ரோஸ்கோ, மார்வா பேசறேன். காட்சியும் இல்ல, கண்றாவியும் இல்ல. வளைவுல எங்காளு மாட்டிக்கிட்டாரு. வண்டியும்தான். சாய்ஞ்சு நிக்குது. யாருக்கும் அடி இல்ல. பாத்து வா."

அலைவரிசை ஒரு நொடி மூச்சை அடக்கியது. பிறகு பெட்ரோல் பங்க் பெர்னடீனின் குரல் வந்தது: "யாரு மாட்டினது? சத்தம் சரியாக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லு. மெதுவாச் சொல்லு."

மார்வா ரேடியோவை வைத்துவிட்டு இறங்கினாள், ரிமோட்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு. புகைக்குழாயைச் சுற்றியிருந்த பனியைக் காலால் விலக்கிவிட்டாள். புகை உள்ளே திரும்பினால் சத்தமில்லாமல் ஆளை முடித்துவிடும். அதுவும் வகுப்பில் கேட்டதுதான்.

ஆர்லின் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "இருபத்திரெண்டு வருஷம் மார்வா. ஒரு தடவ கூட என் வண்டில அது ஏறினதில்ல."

"சங்கத்துக்கு இருபத்திரெண்டு. கல்யாணத்துக்கு முப்பத்தொண்ணு. எதைக் காப்பாத்தலாம்னு யோசிச்சேன். பழசுதான் ஜெயிச்சுது."



ரோஸ்கோ வந்தான். தன் வண்டியைப் பத்திரமான தூரத்தில் நிறுத்தி இறங்கி, தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, சாய்ந்து கிடந்த வண்டியைச் சுற்றி வந்தான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"கொஞ்சம் ஒதுக்கி நிறுத்தினேன்," என்றார் ஆர்லின்.

"ரொம்பவே ஒதுங்கிட்டீங்க தலைவரே. இன்னும் ரெண்டடி ஒதுங்கிருந்தா ஓடையிலேயே பார்க்கிங்." பிறகு உற்சாகமாகக் கையைத் தேய்த்தான். "இழுவைக் கயிறு கொண்டாந்திருக்கேன். ரப்பர் மாதிரி நீளும். ஓடி வந்து ஒரே இழுப்பு!"

"ஒரே இழுப்புல உருண்டுரும்," என்றாள் மார்வா. "சாய்ஞ்சு நிக்கிறதை வெடுக்குன்னு இழுக்கக் கூடாது. தோண்டணும். அப்புறம் உன் வின்ச்சுல பின்னாலேருந்து மெதுவா."

"சரி, யாரு குரல்? நான் வின்ச்சைப் பாக்கணும். சிக்கினவரு வாயே திறக்கக் கூடாது. சட்டம் அவரு போட்டது."

இரண்டு ஆண்களும் மார்வாவைப் பார்த்தார்கள். அவள் பேருந்தில் பேசும் குரலை எடுத்தாள். அது பெரிய குரல் அல்ல. ஆனால் அதைக் கேட்டு உட்காராத பிள்ளை அந்த மாவட்டத்தில் இல்லை.

"ரோஸ்கோ, உன் வண்டியைப் பின்னாடி இருக்கற ஒரு பச்சை மரத்தோட கட்டு. சக்கரத்துக்குக் கட்டை வை. ஆர்லின், டயர்ல காத்தை எறக்கு."

காற்று உஸ்ஸென்று வெளியேறியபோது ஆர்லின் தன் உயிரில் ஒரு பகுதியே போவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். பைன் மரத்தில் மாட்டியிருந்த ஆர்லினின் கயிற்றைக் கழற்றிவிட்டு, மூவரும் சேர்ந்து சக்கரங்களுக்குப் பின்னால் தோண்டினார்கள். ரோஸ்கோவின் வின்ச் கயிற்றை ஆர்லின் வண்டியின் சட்டத்தில் இருந்த கொக்கியில் மாட்டினார்கள்.

"கயிறு மேல போட கனமா ஏதாவது வேணும். அறுந்தா எகிறாம இருக்க," என்றாள் மார்வா. "ஆர்லின், ஜாக்கெட்டைக் கழட்டு."

"இதையா?"

முதுகில் தங்க நூலால் 'தலைவர்' என்று பூவேலை செய்த ஜாக்கெட். அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கம்பளிச் சட்டையோடு வண்டிக்குள் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டார். இரண்டு வண்டிகளுக்கும் நடுவே கயிற்றில், ஈரத்துணி காய்வதுபோல், 'தலைவர்' தொங்கியது.

மார்வா கயிற்றின் நீளத்தைவிட அதிகமாக விலகி, மேட்டில் ஏறி நின்று கையை உயர்த்தினாள். வின்ச் முனகியது. கயிறு இறுகியது. வண்டி ஒரு விரற்கடை நகர்ந்தது, இன்னொரு விரற்கடை. திறந்திருந்த ஜன்னலிலிருந்து ஒரு குரல்: "ரோஸ்கோ, கொஞ்சம் இடது—"

மார்வா கையை மூடி முஷ்டி ஆக்கினாள். வின்ச் நின்றது. எல்லாம் நின்றது. பிள்ளைகள் கத்தினால் பேருந்தை ஓரங்கட்டி, சத்தம் அடங்கும் வரை சும்மா உட்கார்ந்திருப்பாளே, அப்படி நின்றாள். மரத்திலிருந்து பனி விழும் சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடி மெல்ல மேலே ஏறி மூடிக்கொண்டது. அவள் மறுபடி கையை உயர்த்தினாள்.

அதற்குப் பிறகு அவர் கண்ணாடி வழியே அவள் கையை மட்டும் பார்த்து ஓட்டினார். கை இடதென்றால் இடது, கை நில் என்றால் நில். பின்சக்கரம் குழியின் விளிம்பைக் கடித்து ஏற, சாய்ந்திருந்த வண்டி ஒரு பெருமூச்சோடு நிமிர்ந்து பாதைக்கு வந்தது. ரோஸ்கோ ஹாரனை அழுத்தினான். மார்வா மேட்டிலிருந்து இறங்கினாள். யாரும் பார்க்காதபடி பனியில் உட்கார்ந்து, பூட்ஸ் கயிற்றைச் சரிசெய்வதுபோல் நடித்தாள்.

ஆர்லின் தன் பட்டையை அவிழ்க்கப் பைன் மரத்துக்குப் போனார். இழுத்ததும் பட்டையோடு மரத்தின் தோலும் உரிந்து வந்தது. அடியில் தவிட்டு நிறத்தில் பொடி. கையுறை மாட்டிய விரலால் தண்டைத் தொட்டுப் பார்த்தார். விரல் உள்ளே போனது. எடுத்தார். இன்னொரு இடத்தில் வைத்தார். அங்கேயும் போனது. மரத்திலிருந்து தன் வண்டி நின்ற இடம் வரைக்கும் கண்ணாலேயே ஒரு கோடு போட்டார். திரும்பி வரும்போது பட்டையை ஒழுங்காகச் சுருட்டிக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. விதியை இவ்வளவு நேரம் அவர் கடைப்பிடித்ததாகச் சரித்திரம் இல்லை.

ரோஸ்கோவுக்கே மனம் இளகிவிட்டது. "ஆர்லின், வேணும்னா இந்த வருஷமும் நானே வெச்சுக்கறேன்பா. எனக்குப் பழகிருச்சு. அது இல்லாம வண்டி மொட்டையா இருக்கும்."

"சங்க வழக்கம் ரோஸ்கோ," என்றார் ஆர்லின். ஈரமான ஜாக்கெட்டைப் போட்டு, ஜிப்பை ஏற்றி, ரோஸ்கோவின் வண்டியிலிருந்து இருக்கையைத் தானே கழற்றினார். தன் வண்டியின் முகப்பில் வைத்துக் கட்டினார். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். திருப்தி இல்லை. கருவிப்பெட்டியிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வந்து, கோணல் பார்த்து, நிமிர்த்திக் கட்டினார்.

பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஐயோ, வேண்டாம்," என்றாள் மார்வா.

"உறுப்பினர்களே! ஆர்லின் டோஃப்டே என்னும் நம் உறுப்பினர் இன்று செய்த தவறுகளை வரிசையாகப் பார்ப்போம்..."

இரண்டு பேர் கொண்ட சபையில் கால் மணி நேரம் பேசினார். டோஃப்டேயை அவர் விடவில்லை. காற்றை இறக்காத சோம்பேறி, மிதித்த மூடன், ரேடியோவில் புளுகியவன் என்று வெளுத்து வாங்கினார். செத்த மரத்துக்கு வந்தபோது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. அதை ஒரே வாக்கியத்தில் முடித்தார். மற்றபடி குப்புற விழுந்தும் மீசையில் பனி ஒட்டவில்லை. அவமானப்படுவதிலும் அவர்தான் தலைவர். மார்வா குளிரில் கால் மாற்றிக் கால் தட்டிக்கொண்டு, இந்த மனுஷனை யாரிடம் கொடுத்தால் வாங்குவார்கள் என்று யோசித்தாள். யாரும் வாங்க மாட்டார்கள். நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

உரையின் நடுவிலேயே சபையிலிருந்து நழுவிய ரோஸ்கோ, இரண்டு வீட்டுக்கும் மரம் வெட்டிக் கூரையில் கட்டிவிட்டான்.

கீழே இறங்கியபோது பெட்ரோல் பங்க் வாசலில் பெர்னடீன் தன் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தாள். ஆர்லின் ஜன்னலை இறக்கி, தேர்தலில் வென்றவர் போலக் கையசைத்தார். ஊர் ஆரவாரித்தது. இருபத்திரண்டு வருஷமாக இதற்குத்தான் காத்திருந்தாரோ என்று மார்வாவுக்குத் தோன்றியது.

பங்க்கைத் தாண்டியதும் ஜன்னல் ஏறியது.

"அந்த மரம் உளுத்துப் போயிருந்துது," என்றார்.

"தெரியும்."

"விரல் உள்ள போச்சு மார்வா."

"பாத்தேன்."

அவர் ஒரு கையை அவள் பக்கம் நீட்டினார். "ரிமோட்டைக் குடு, மறந்துறப் போறோம்."

"யாரு கேக்கறது? தலைவரா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அவர் நெற்றி சுருங்குவதை அவள் பார்த்தாள்.

"உன் ஆளு," என்றார்.

அவள் கோட்டுப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தாள். உட்கார்ந்த சூடு போய் அது எப்போதோ சில்லிட்டிருந்தது. கையை உடனே எடுக்கவில்லை.

"ரெண்டு கையாலயும் ஓட்டு," என்றாள் பிறகு.