கரும்பின் மறுமுனை

கண்ணகியிடம் ஒரு வாக்கியம் இருந்தது. ஏழு வருடமாகப் புதன்கிழமை தவறாமல் பெரம்பலூர் பெரியாஸ்பத்திரியின் குறைமாதக் குழந்தைகள் வார்டுக்குப் போய், அங்கே அழுதுகொண்டிருக்கும் தாய்மார்களிடம் அதைச் சொல்லிவிட்டு வருவாள்.

"நான் எந்தச் சாமிக்கும் வேண்டிக்கல. எம் பொண்ணு பொழைச்சா."

கேட்பவர்களுக்குச் சட்டென்று அழுகை நின்றுவிடும். சிலர் இவளுக்குக் கொழுப்பு என்று நினைப்பார்கள். சிலர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அப்புறம் எப்படிப் பிழைத்தாள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் கண்ணகி அங்கே போவதே.

அவள் ஒன்றும் பிறவி நாத்திகி இல்லை. பாலக்கரையில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு சாதாரணப் பெண். முதல் பிள்ளைக்கு அவள் செய்யாத வேண்டுதல் இல்லை. வெறுங்காலோடு செட்டிகுளம் மலை ஏறினாள். கோயில் தரையில் சோற்றைப் போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மண்சோறு தின்றாள். பிள்ளை இறந்தே பிறந்தது. ஆண் குழந்தை, தலை நிறைய முடி. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்த கணவனின் சித்தி முத்தாயி, காபியை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "எங்கயோ வேண்டுதல்ல கொறை வச்சிருக்கா. இல்லாட்டி இப்படி ஆவுமா?"

பிள்ளையையும் பறிகொடுத்து, பழியையும் தன் தலையில் சுமப்பதா என்று கண்ணகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு விட்டவள்தான். பூஜை அலமாரியைக் காலி செய்து அதில் நூல்கண்டுகளை அடுக்கினாள். இரண்டாவது முறை உண்டானபோது கணவன் ராஜராஜனை எதிரே உட்கார வைத்துச் சொன்னாள்.

"இந்தப் புள்ளைக்கு ஒரு வேண்டுதலும் கூடாது. நல்லதோ கெட்டதோ, நம்ம கையாலயே நடக்கட்டும். நாளைக்கு யாரும் என்னைப் பாத்து கொறை வச்சேன்னு சொல்லக்கூடாது. சம்மதமா?"

"உன் தலை மேல சத்தியமா," என்றான் அவன்.

சாமியே வேண்டாம் என்பவளிடம் சத்தியம் எதற்கு, அதுவும் அவள் தலை மேலேயே எதற்கு என்று அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நம்பினாள்.

நந்தினி ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஒரு கிலோ நூறு கிராம். முப்பத்தெட்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தாள். கண்ணகிக்குப் பால் சுரக்கவில்லை. அதே வார்டில் இருந்த ஏழு தாய்மார்கள் தங்கள் பாலைக் கொடுத்தார்கள். இரண்டு முறை குழந்தைக்கு மூச்சு நின்றது. இரண்டு முறையும் ஜோதி சிஸ்டர் பாதத்தைச் சுண்டிச் சுண்டி, முதுகைத் தேய்த்து மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்தார். நாற்பத்தைந்து வயசு, குட்டையான உருவம், யாரையும் 'தங்கம்' என்றுதான் கூப்பிடுவார்.

சாமியை விடுவது சுலபம். விட்ட இடம் காலியாகக் கிடந்ததுதான் கண்ணகிக்குக் கஷ்டமாக இருந்தது. எதற்காகக் காலையில் எழுந்திருக்கிறோம், யாருக்காக இத்தனை பாடு என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லாமல் இருந்தது. அந்த வார்டில் அவளுக்குப் பதில் கிடைத்தது. மேலே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால், பக்கத்தில் இருப்பவர்கள்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொண்டதும் அவளுக்கு வாழ்க்கை கனமாகவும் இருந்தது, பிடித்தும் போனது.

பிள்ளைக்கு ஒரு வயது ஆனதும் தன் பச்சைக் காட்டன் புடவை ஒன்றை வெட்டி, சாத்துக்குடியை விடக் கொஞ்சம் பெரிய தலைகளுக்கு நாற்பது தொப்பி தைத்தாள். அந்தப் புடவையின் ஒரு பக்கத்தில் பழுப்பாக ஏதோ கறை இருந்தது. டீ கொட்டிவிட்டது என்று ராஜராஜன் சொல்லியிருந்தான். கறையை ஒதுக்கிவிட்டு வெட்டினாள். அன்று ஆரம்பித்ததுதான் புதன்கிழமைப் பயணம். ராஜராஜனே சில நாள் பைக்கில் கொண்டுபோய் விடுவான். அவள் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது வாசலில் நின்று தலையாட்டுவான். தன்னோடு ஒத்த மனசாக ஒரு மனிதன் வாய்த்தானே என்று அவளுக்குக் கர்வம்கூட உண்டு.

போன நவம்பரில் குறைமாதக் குழந்தைகள் தினத்துக்கு ஆஸ்பத்திரியில் ஒரு விழா நடந்தது. திங்கட்கிழமை காலை. பிழைத்து வளர்ந்த பிள்ளைகளையெல்லாம் அழைத்து ஆளுக்கொரு பலூன் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். மேடையில் பேசக் கண்ணகியைக் கூப்பிட்டார்கள். நந்தினிக்கு ஒரு வயது ஆகும் முன்பே அரியலூருக்கு மாற்றலாகிப் போயிருந்த ஜோதி சிஸ்டரை வற்புறுத்தி பஸ் ஏறி வரச் செய்திருந்தாள் கண்ணகி. மூன்றாம் வரிசையில் ராஜராஜன். அவன் பக்கத்தில் எட்டு வயசு நந்தினி, வாயில் பலூன் நூலைக் கடித்துக்கொண்டு.

கண்ணகி நன்றாகவே பேசினாள். வழக்கமான வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இந்தக் கைதான்" என்று ஜோதியின் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றிச் சால்வை போர்த்தினாள். நாலு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தாள்.

"எனக்குப் பேசல்லாம் வராதுங்க," என்று கூச்சத்தோடு ஆரம்பித்தார் ஜோதி. "எத்தனையோ புள்ளைங்களைப் பாத்துட்டேன். யார் யாரோ இனிப்பு குடுப்பாங்க, போயிருவாங்க. ஆனா கண்ணகி செஞ்சதை மட்டும் சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன். அவங்க வேண்டிக்கல, வாஸ்தவம்தான்; வேண்டிக்கிட்டது அவங்க வூட்டுக்காரரு. செட்டிகுளத்துல நந்தினிக்குக் கரும்புத் தொட்டில் எடுத்தாங்க. அம்மாவுக்கு அப்ப ஆபரேசன் தையல்ல சீழ் வச்சு எந்திரிக்க முடியல. தாய் புடிக்க வேண்டிய கரும்பை, 'சிஸ்டர் புடிக்கட்டும், அவங்கதான் எம் புள்ளைக்கு இன்னொரு தாய்'னு சொல்லியனுப்புனாங்க. எனக்குப் புள்ள குட்டி கிடையாது. அந்தக் கரும்பைத் தோள்ல வச்சுக்கிட்டு மூணு சுத்து வந்தேன் பாருங்க..."

அதற்கு மேல் ஜோதியால் பேச முடியவில்லை. சால்வையில் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

கூட்டம் கைதட்டியது. எழுந்து நின்று கைதட்டியது. அந்தப் பக்கத்தில் கரும்புத் தொட்டில் என்றால் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை வரம் கேட்டோ, பிள்ளை பிழைக்க வேண்டும் என்றோ வேண்டிக்கொண்டவர்கள், கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, தாயின் புடவையைத் தொட்டிலாக முடிந்து, பிள்ளையை அதில் கிடத்தி, முன்னால் தகப்பனும் பின்னால் தாயுமாகத் தோளில் சுமந்து கோயிலைச் சுற்றி வருவார்கள். பெற்றவர்கள் இரண்டு பேரும் சுமந்தால்தான் வேண்டுதல் நிறைவேறும்.

கண்ணகி மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். ராஜராஜன் குனிந்து நந்தினியின் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே மாட்டித்தான் இருந்தது.

அவளுக்குப் பச்சைப் புடவையும் டீக்கறையும் ஞாபகத்துக்கு வந்தன. அவன் வேலை பார்ப்பது எறையூர் சர்க்கரை ஆலையில். வயல் வயலாகப் போய்க் கரும்பு பார்ப்பதுதான் உத்தியோகம். நல்ல கரும்பாகப் பொறுக்கி எடுக்க அவனுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? மூன்று மாதக் குழந்தையை எடை பார்க்கக் கொண்டுபோகிறேன் என்று அவன் கிளம்பிய நாளும் நினைவுக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை. முருகனுக்கு உகந்த நாள். திரும்பி வந்து, "முந்நூறு கிராம் கூடியிருக்கு புள்ள" என்று சொன்னான். அவள் படுக்கையில் கிடந்தபடி சந்தோஷத்தில் அழுதாள்.

மேடையை விட்டு இறங்கியதும் ஜோதி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனா தங்கம்? மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சே."

"எனக்குத் தெரியாது சிஸ்டர். நான் சொல்லியனுப்பல."

ஜோதிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் முகம் விழுந்துவிட்டது. "நீங்க கேட்டீங்கன்னுதான் போனேன். நீங்க கேக்கலன்னா..." என்று நிறுத்தினார். எட்டு வருடம் பத்திரமாக வைத்திருந்த ஒரே பொருளையும் யாரோ போலி என்று சொல்லிவிட்டதுபோல் நின்றார். அவர் வேதனை கண்ணகிக்குத் தன் வேதனையை விடப் பெரிதாகத் தெரிந்தது. ஒரு பொய்யால் இரண்டு பெண்களை ஏமாற்றியிருக்கிறானே பாவி!

பைக்கில் ஏறாமல் டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். நந்தினியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ராஜராஜன் பின்னாலேயே வந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கண்ணகி, நான் சொல்றதைக் கேளு."

"சொல்லுங்க. இனிமேலாவது சொல்லுங்க."

"முப்பத்தெட்டு நாளு அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்னேன். உள்ள விட மாட்டேன்னுட்டாங்க. நீ ஒரு வார்டு, புள்ள ஒரு வார்டு. ரெண்டாவது தடவ மூச்சு நின்னப்ப எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்போல ஆயிருச்சு. புடிச்சுக்க ஏதாச்சும் ஒண்ணு வேணும்ல மனுசனுக்கு?"

"என்னைப் புடிச்சிருக்கலாம்ல?"

அவன் பிடித்திருந்த நிலைக்கதவை விட்டான்.

"நீங்க கும்புட்டது தப்புன்னு நான் சொல்லவே இல்ல. பயந்துட்டேன், வேண்டிக்கிட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நாலு நாளு சண்டை போட்டிருப்பேன், அஞ்சாம் நாளு சோறு போட்டிருப்பேன். எம் பேரைச் சொல்லி ஒரு பொம்பளையக் கூப்புட்டு, என் புடவையக் கட்டி, என் இடத்துல நிக்க வச்சீங்களே! வாரா வாரம் நான் போயி ஒரு பொய்யச் சொல்லிட்டு வரேன், வாசல்ல நின்னு தலையாட்டுனீங்களே! உள்ளுக்குள்ள சிரிச்சீங்களா?"

"சத்தியமா இல்ல."

"சத்தியம் மட்டும் பண்ணாதீங்க."

அவன் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "சொல்லிரலாம்னு எத்தனையோ தடவ வந்தேன். நீ அந்தத் தொப்பியெல்லாம் தைக்கிறதைப் பாத்தா, சொல்லி உன் மனசை ஒடைக்க முடியல. நீ வேண்டாதப்பவும் புள்ள பொழைச்சிருச்சுன்னு நீ நெனைக்கிறதே உனக்குத் தெம்பா இருந்துச்சு. அதை எதுக்குப் புடுங்கணும்னு விட்டுட்டேன்."

அவள் மெஷின் சக்கரத்தை வெறுமனே சுற்றினாள். அறிவில்லாத குழந்தைக்குக் கதை சொல்லித் தூங்க வைப்பதுபோல் எட்டு வருடம் தன்னை வைத்திருக்கிறான். அவள் சாமியை விட்டதே இப்படி ஆறுதலுக்கு ஏமாற வேண்டாம் என்றுதான். இப்போது கட்டினவனே அவளுக்கு ஒரு சாமி கதையைக் கட்டி, அதில் சாமியை மட்டும் எடுத்துவிட்டிருக்கிறான். செவ்வாய்க்கிழமை முழுக்க அவனோடு பேசவில்லை. சமைத்தாள், பரிமாறினாள், ஆனால் முகம் பார்க்கவில்லை.

புதன்கிழமை வந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தாள். போய் என்னத்தைச் சொல்வது? இருந்தது ஒரே ஒரு வாக்கியம், அதில் பாதி பொய்யாகிவிட்டது. ஆனாலும் பதினோரு தொப்பி தைத்து முடித்திருந்தாள். அந்தத் தலைகளுக்கு இந்தச் சண்டையெல்லாம் தெரியாது. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

வார்டில் மேகலா என்று ஒரு பெண். ஜெயங்கொண்டம் பக்கம். இருபத்திரண்டு வயசு இருக்கும். கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே வந்த பெண் குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி சாய்ந்திருந்தாள். துணைக்கு வந்த மாமியார் முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டாள். காலையிலிருந்து இவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அடுத்த கட்டில்காரி சொன்னாள்.

கண்ணகி தொப்பியைப் போட்டுவிட்டாள். மேகலா அவளை நிமிர்ந்து பார்த்து, எல்லோரும் கேட்பதையே கேட்டாள். "அக்கா, உங்க புள்ளைக்கு எந்தச் சாமிக்கு வேண்டிக்கிட்டீங்க? சொல்லுங்க, நானும் காசு முடிஞ்சு வைக்கிறேன்."

வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஏழு வருடப் பழக்கம். கண்ணகி அதை விழுங்கினாள்.

"நான் வேண்டிக்கல. எங்க வூட்டுக்காரரு வேண்டிக்கிட்டாரு. எனக்குத் தெரியாம. முந்தாநேத்துதான் தெரியும்."

"அப்ப சாமிதான் காப்பாத்துச்சாக்கா?"

"நான் அப்புடி நெனைக்கல. அவரு அப்புடி நெனைக்கிறாரு. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். அந்த முப்பத்தெட்டு நாளும் எம் பொண்ணு பக்கத்துல யாராச்சும் ஒருத்தர் முழிச்சிருந்தாங்க. ஒரு நிமிசம்கூட ஆளில்லாம விடல. அது எனக்கு உறுதியாத் தெரியும்."

சொல்லி முடித்தபோதுதான் கவனித்தாள். பழைய வாக்கியம் இல்லாமலே பேசிவிட்டாள். இந்த முறை சொன்னதில் அவளுக்குச் சந்தேகமாக ஒரு சொல்கூட இல்லை. வலி அப்படியே இருந்தது. அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டாள். மேகலாவின் உதடு வெடித்திருந்தது.

"கீழ கேன்டீன்ல இட்லி இருக்கும். போய்ச் சாப்புட்டுட்டு வா."

"புள்ளைய யாருகிட்டக்கா வுடறது?"

கண்ணகி கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டு வந்தாள். கை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. உடனே வாங்கிவிடாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நீ வர்ற வரைக்கும் உன் இடத்துல நான் இருக்கலாமா? கேட்டுட்டுத்தான் வாங்குவேன். நல்லா யோசிச்சுச் சொல்லு."

மேகலாவுக்கு இது என்ன கேள்வி என்று தோன்றியிருக்க வேண்டும். பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தாள். பிறகு, "இருங்கக்கா," என்று பிள்ளையை எடுத்துக் கொடுத்தாள்.