சம்பந்தி வீட்டு ஊமைப் பெட்டி

நாரையையும் வண்டையும் மேகத்தையும் தூது விட்ட மொழிக்கு, உள்ளங்கையளவு பெட்டி ஒன்று தூது போவது புதிதன்று. மலைச்சரிவின் கூரைதோறும் அத்தகைய பெட்டிகளை நிறுத்தியவர் ரேடியோ மெக்கானிக். உரிமம் வேண்டாம், கோபுரம் வேண்டாம். கைபேசியில் தட்டிய சொல்லை ஒரு பெட்டி வாங்கி அடுத்ததற்கு எறியும், அது அதற்கடுத்ததற்கு. ஒன்றையொன்று நேரே பார்க்க வேண்டும், அவ்வளவே. மேட்டில் மெக்கானிக்கின் வீடு; பள்ளத்தில் மருத்துவமனை; இரண்டையும் ஒருங்கே பார்த்ததோ நடுவளைவில் இருந்த தையற்காரரின் மொட்டைமாடி.

தையற்காரர் அவருக்குச் சம்பந்தி. அவர் தைத்துக் கொடுத்த கோட்டில் கையைத் தூக்க முடியவில்லை என்று, திருமணத்தன்று விருந்தினர் நடுவே மெக்கானிக் சொல்லிக்காட்டினார். அன்றோடு பேச்சு அற்றது. மருமகளின் முகத்துக்காகப் பெட்டியை மாடியில் ஏற்ற இசைந்த தையற்காரர், பின்னொருநாள் கைபேசியைத் துழாவி ஓர் அமைப்பைக் கண்டுபிடித்தார். வருவதைப் பெட்டி கேட்கும், மேலே கடத்தாது.

"அந்தாளு பேச்சை நான் எதுக்குச் சுமக்கணும்?" என்றார் மனைவியிடம்.

"நீங்க எங்க சுமக்கிறீங்க? மாடி சுமக்குது."

"மாடி யாருது?"

ஊரின் கைபேசிக் கோபுரம் நின்றவரை எவருக்கும் இது தெரியவில்லை. பெருமழை அதைச் சாய்த்து, வண்டிப்பாதையையும் அரித்துப்போன காலையில், தந்தை மெக்கானிக்கைப் பார்க்க மேட்டுக்குப் போயிருந்த நிறைசூலி மருமகளுக்கு நாள் முந்தியே வலி கண்டது. தாயில்லாப் பெண், கணவனோ வெளியூரில். தையற்காரரின் கைபேசி சிணுங்கியது.

'நர்ஸம்மா, பொண்ணுக்கு வலி. வாங்க.'

பிறகு, 'நர்ஸம்மா, இருக்கீங்களா?'

பிறகு, 'யாராவது இருக்கீங்களா?'

தையற்காரர் வாயில் கவ்வியிருந்த குண்டூசிகள் உதிர்ந்தன.

"முதல்ல அதை மாத்துங்க!" என்று மனைவி அலறினார்.

"எங்க இருக்குன்னே தெரியலயே! அன்னிக்குக் கோபத்துல விரல் தானாப் போச்சு."

"இப்பவும் கோபப்படுங்க."

"வரமாட்டேங்குதே!"

கடத்தாத பெட்டி, உடையவரின் சொந்தச் செய்தியை மட்டும் அனுப்பும். ஆகவே செவிலிக்குத் தாமே எழுதினார். உடனே மறுமொழி வந்தது: 'கிளம்பிட்டேன். பனிக்குடம் உடைஞ்சிதா? கேட்டுச் சொல்லுங்க.'

கேட்பதென்றால் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும். ஒரு செய்திக்கு இத்தனை எழுத்துத்தான் என்று வரம்பு. தமிழெழுத்தோ இடம் அதிகம் பிடிக்கும். நெடுநாள் சேர்த்துவைத்த வசைகளில் ஒன்றும் அதற்குள் அடங்கவில்லை.

'சம்பந்தி, பனிக்குடம் உடைஞ்சிதா?'

'யாரது?'

'நான்தான். தையல்.'

'நான் போட்டது கீழே போகலையா?'

'பெட்டிக்கு உடம்பு சரியில்ல. கேட்டதுக்குப் பதில்.'

'உடைஞ்சிருச்சு.'

பள்ளத்திலிருந்தோர்க்கு மெக்கானிக்கின் சொற்கள் எட்டவில்லை; தையற்காரரின் பாதி மட்டுமே எட்டியது. 'பனிக்குடம் யாருக்கு? உங்க சம்பந்திக்கா?' என்று பேக்கரிக்காரர் கவலையோடு கேட்டிருந்தார்.

முழங்காலளவு சேற்றோடு செவிலி வளைவில் ஏறிவந்தார். குடையை எடுத்துக்கொண்டு உடன் புறப்பட்ட தையற்காரரை வாசலிலேயே நிறுத்தினார்.

"நீங்க எங்க வர்றீங்க? கீழே டாக்டர் காத்துக்கிட்டிருக்கார். பெட்டி ஊமைன்னா நீங்க வாயா இருங்க."

மழை வெறிக்கும்வரை வாயாகவே இருந்தார். மேலிருந்து வந்த நாடித்துடிப்பைக் கீழே தட்டினார். கீழிருந்து வந்த மருந்தளவை, தவறிவிடுமோ என்றஞ்சி, மனைவியை உரக்கப் படிக்கவைத்துச் சரிபார்த்த பின்னரே மேலே தட்டினார். இடையில் செய்தி நின்றுபோனது. உதிர்ந்த குண்டூசிகளைப் பொறுக்கி, கைபேசியைச் சுற்றி வரிசையாய் அடுக்கினார்.

அது சிணுங்கியது.

'பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.'

மனைவி கண்ணைத் துடைக்குமுன் அடுத்தது வந்தது.

'பெட்டிக்கு என்ன வியாதின்னு எனக்குத் தெரியும். மூணாம் பக்கம், முதல் வரி. மாத்துங்க. டாக்டருக்கு நான் சொல்லணும்.'

தையற்காரர் மூன்றாம் பக்கத்தைத் திறந்தார். முதல் வரி பல்லிளித்தது. விரலை அதன்மேல் கொண்டுசென்றவர், மீட்டுக்கொண்டார்.

'செத்த இருங்க சம்பந்தி. மாத்துறேன். இதை மட்டும் நானே சொல்லிடுறேன்.'

பள்ளத்தாக்கு முழுதும் காணத் தட்டினார்: 'எனக்குப் பேத்தி பிறந்திருக்கா.'

மேட்டிலிருந்து மின்னலாய் வந்தது: 'நமக்குன்னு போடுங்கய்யா!'

அவ்வுரையை அவரன்றிக் கீழே கடத்துவார் எவருமில்லை. ஒரு பெருமூச்சு விட்டு, 'நமக்கு' என்று திருத்தி மறுபடி அனுப்பினார்.