இன்பராணியின் ஒன்பது வருட வயிறு

தில்லி பெண்கள் சிறையில் இன்பராணி ஒன்பது வருடம் நிறைமாதமாக இருந்தாள். முதல் வருடம் டாக்டர்கள் மாறி மாறி வந்து பார்த்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து இரும்புச்சத்து மாத்திரையோடு நிறுத்திக்கொண்டார்கள். வார்டில் குழாயில் தண்ணீர் வராததுதான் அப்போது பெரிய பேச்சு.

அவள் கொலை கேஸில் வந்தவள். துவாரகாவில் அவள் சமையல் வேலை பார்த்த ஃபிளாட்டில் முதலாளியம்மா மத்தியானத் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் வேறு யாருமில்லை. செத்தவர் வாயைத் திறந்தபடி விடக்கூடாது என்று கள்ளக்குறிச்சிப் பக்கம் பிறந்த யாருக்கும் தெரியும். இன்பராணி கண்களை மூடிவிட்டாள், துப்பட்டாவால் தாடையைச் சேர்த்து உச்சியில் முடிச்சுப் போட்டாள், கால் பெருவிரல்களையும் கட்டினாள். அதற்குப் பிறகுதான் முதலாளியம்மாவின் மகனுக்குப் போன் செய்தாள். போலீஸ் வந்து பார்த்தது கட்டிப்போட்ட பிணத்தை. செய்த மரியாதைக்குக் கிடைத்த கூலி அது. எட்டு மாத வயிற்றோடு அவளை வேனில் ஏற்றினார்கள்.

அவள் உள்ளே போன சில நாளிலேயே பக்கத்துப் பாய்க்காரி ஸ்வப்னாவின் மகனுக்கு ஆறு வயது முடிந்தது. சிறையில் தாயோடு பிள்ளை ஆறு வயது வரைதான் இருக்கலாம். பெண்களெல்லாம் பிஸ்கட்டைப் பாலில் குழைத்துக் கேக் செய்தார்கள். மறுநாள் அவனைக் கூட்டிப்போகக் குழந்தைகள் விடுதி வண்டி வந்தது. ஸ்வப்னா கத்தவில்லை. அவன் செருப்பைக் கழுவி மாட்டி அனுப்பிவிட்டாள். அன்றைக்கே இன்பராணி தன் வயிற்றிடம் சொன்னாள்: "நீ இங்க பொறக்காத கண்ணு. கேஸ் முடியட்டும். வெளிய போய்ப் பொறந்துக்கலாம்." பிள்ளை கேட்டுக்கொண்டது.

கேஸ் முடிவேனா என்றது. ஜட்ஜ் மாறினார், சாட்சி துபாய்க்குப் போனார். கணவன் சைமன் இரண்டு வருடம் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதான், பிறகு வேறொருத்தியோடு குடித்தனம் வைத்தான். நன்றாக இருக்கட்டும். வயிற்றுக்குள் பிள்ளை வளர்ந்தது, பல் விழுந்து முளைத்தது, அம்மாவிடம் தமிழும் மற்றவர்களிடம் இந்தியும் பேசப் பழகிக்கொண்டது. சாப்பாடு தாமதமானால் "ஜல்தி கரோ தீதி" என்று உள்ளிருந்தே குரல் கொடுக்கும். சிறைச் சோறு ஒருத்திக்கே போதாது. இன்பராணியின் சதையைப் பிள்ளை எடுத்துக்கொண்டது, பிறகு எலும்பிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. தோளும் கையும் காலும் சுருங்கச் சுருங்க, அவளுடைய சுரிதாரை வருடத்துக்கு ஒருமுறை பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

ஒன்பதாம் வருடம், பிணத்தை அறுத்துப் பார்த்த டாக்டர் கோர்ட்டுக்கு வந்து மாரடைப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரை அவரை யாரும் கூப்பிடவில்லையாம். இன்பராணி நிரபராதி என்றார்கள். மன்னிப்பு என்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

சிறைக்கு எதிரே பஸ் ஸ்டாப் பெஞ்சில் அவள் மகளைப் பெற்றாள். வந்தவள் எழுந்து நின்று, வார்டுப் பெண்கள் கொடுத்தனுப்பிய சுரிதாரைப் போட்டுக்கொண்டு, இடுப்பு வரை தொங்கிய முடியைத் தானே பின்னினாள். இன்பராணிக்குப் பால் கட்டி மார்பு கனத்தது. மகள் சமோசா கேட்டாள். இன்பராணி இரண்டு கையாலும் அவளைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"ஒரு நாளாவது உன்ன இடுப்புல வெச்சிக்கணும்னுதானேடி இத்தன வருஷமும்..." என்று அழுதாள்.

"சலோ அம்மா, பஸ் வருது" என்ற மகள், அவளை அலாக்காகத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். கண்டக்டர் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரே ஒரு டிக்கெட் கிழித்தார். கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாது.